காற்று மாறியதாகச் சொன்னேன்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கிரிக்கெட் அணிக்கு நான் கேப்டன். ஞாயிறன்று ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு ஆட்டம் நடக்கும். உருண்டு வரும் பந்து யாருடையது என்பதில் வாராவாரம் சண்டை. எங்கள் சுழற்பந்துக்காரன் தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி.

ஒருநாள், விளையாடுகிறவர்களுக்கு வேலை தரும் வங்கியிலிருந்து ஓர் அதிகாரி ஆள் தேர்ந்தெடுக்க ஆட்டம் பார்க்க வந்தார். இவன் இரண்டே ஓவரில் இரண்டு விக்கெட் எடுத்தான். நான் பந்தைக் கேட்டேன்.

"அண்ணே, இன்னும் ஒரு ஓவர் தாங்கண்ணே. கை நல்லா வருது."

"காத்து மாறிடுத்துடா. நீ பவுண்டரிக்குப் போ."

நானே வீசினேன். அடித்து நொறுக்கினார்கள். அதிகாரி பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

தோற்றபின் டீக்கடையில் நண்பர்கள் என்னைக் காய்ச்சினார்கள். "விக்கெட் எடுக்கறவனை எவனாவது மாத்துவானா? பாகல் ஹை க்யா? பைத்தியமாடா உனக்கு?"

அவன்தான் குறுக்கிட்டான். "விடுங்கய்யா. காத்து மாறத்தானே செஞ்சுச்சு."

மாறவில்லை. மைதானத்துக்கு எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வேட்டிகள் அசையவே இல்லை. எனக்கு ஏற்கெனவே ஆபீஸ் வேலை இருந்தது. ஆனாலும் அந்த அதிகாரி என்னைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு முதல் ஓவரையே அவனிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி, அருமையாக வீசினான். பார்க்க யாரும் வரவில்லை.