டெண்டருக்கு வந்த தூக்குச்சட்டி

மீன் குழம்பு சாப்பிட்டதற்காக ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதிய சாஃப்ட்வேர்காரன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

அது 1998. டெக்சாஸில் இர்விங் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நான் ப்ராஜெக்ட் லீட். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. பழைய ப்ரோக்ராம்களைத் திருத்த வெளியிலிருந்து ஒரு கன்சல்டிங் கம்பெனியை எடுக்க வேண்டும். டெண்டர் போடும் கம்பெனிகளுக்கு மார்க் போடும் வேலை எனக்கும், மெய்லின் என்ற சீனப் பெண்மணிக்கும். டெண்டர் போடுபவர்களிடமிருந்து ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி. என் க்ரீன் கார்டு நான் வேலை பார்த்த கம்பெனி மூலமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. வேலை போனால் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

1. மைக்ரோவேவ்

ஒரு சனிக்கிழமை தங்கராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தூத்துக்குடிக்காரர், சர்ச்சில் பழக்கம். கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி.

"ஹூஸ்டன் போயிருந்தேன் அண்ணாச்சி. ஹில்கிராஃப்ட்ல நல்ல நெய்மீன் கெடைச்சுது. வீட்டுல குழம்பு வச்சா. ஊர்க்காரங்களுக்குக் குடுக்காம நாங்க மட்டும் எப்படிச் சாப்பிட?"

சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் நெய்மீன் என்போம். அதன் முன்னால் எனக்கு மூளை வேலை செய்யாது. தங்கராஜ் சின்னதாக ஒரு கன்சல்டிங் கம்பெனி நடத்துவது தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் மிச்சத்தை ஆபீஸ் மைக்ரோவேவில் சூடாக்கினேன். மாடி முழுக்க மூக்கைப் பொத்தியது. மெய்லின் மட்டும் ஸ்பூனோடு வந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு டெண்டர் கவர்களைப் பிரித்தோம். மூன்றாவது கவரில் தங்கராஜின் கையெழுத்து.

"யார் இவர், தெரியுமா?" என்றார் மெய்லின்.

"மதியம் நீங்கள் சாப்பிட்டது இவருடைய மீன்" என்றேன்.

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, பழைய சீனத்து மந்திரி ஒருவரின் கதையைச் சொன்னார். மந்திரிக்கு மீன் என்றால் உயிர். ஊரே மீன் கொண்டுவந்து கொடுத்ததாம். ஒன்றையும் அவர் தொடவில்லை. "மீன் பிடிக்கும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். வாங்கினால் பதவி போகும். பதவி போனால் எனக்கு யார் மீன் தருவார்கள்? பதவி இருந்தால் என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொள்வேன்" என்றாராம். வீட்டில் நெய்த துணி நன்றாக இருந்தால் ஏழை நெசவாளிகளின் பிழைப்பு கெடும் என்று தறியைக் கொளுத்தி, நெய்த மனைவியையும் அனுப்பிவிட்டாராம்.

மனைவி சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

2. சட்டி

"சரி, இனிமே வாங்க வேண்டாம். ஆனா சட்டிய வெறுமனயா திருப்பிக் குடுக்க?" என்றாள் ஸ்டெல்லா.

எங்கள் பக்கம் பண்டம் வந்த பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது. முறுக்கு சுட்டு நிரப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தங்கராஜிடம் கொடுத்து, டெண்டர் முடியும்வரை எதுவும் தர வேண்டாம் என்றேன். அவர் சட்டியைத் திறந்து முறுக்கைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் காது கேட்கவில்லை, முறுக்கு சொன்னதைத்தான் கேட்டது. புதன்கிழமை நான் ஆபீஸில் இருந்தபோது சட்டி இறால் தொக்கோடு திரும்பி வந்தது.

இறாலைக் குப்பையில் கொட்டும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "அந்த மந்திரி வீட்டுல பொம்பளைங்களே கெடையாதா? பாத்திரத்த எப்படித் திருப்பிக் குடுத்தாராம்?" என்றாள் ஸ்டெல்லா. நான் குப்பைப் பையைக் கட்டி வெளியே எடுத்துப் போனேன்.

மறுநாள் காலை நானும் மெய்லினும் மேனேஜரிடம் போனோம். குழம்பு, முறுக்கு, இறால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை படித்தார்.

"போன வாரத் திங்கட்கிழமை அடித்த நாற்றம் இதுதானா?"

"ஆமாம் சார்."

"நாற்றம் போகட்டும். நீங்களே வந்து சொன்னதால் தப்பித்தீர்கள்" என்றவர், எங்கள் இருவரையும் மார்க் போடும் வேலையிலிருந்து எடுத்தார். கூடவே தங்கராஜின் கவரையும் மூடி ஓரமாக வைத்தார்.

வேலை தப்பியது என்று சந்தோஷப்பட முடியவில்லை. வந்திருந்த மூன்று டெண்டர்களில் உருப்படியான திட்டம் தங்கராஜுடையதுதான். நான் படித்திருந்தேன். அவர் மீன் தராமல் இருந்திருந்தால் நியாயமாகவே ஜெயித்திருப்பார்.

3. கடைசி நடை

டெண்டர் வேறொருவருக்குப் போன பிறகு, நாங்களே நாலு மணி நேரம் ட்ரைவ் பண்ணி ஹூஸ்டனில் நெய்மீன் வாங்கி வந்தோம். ஸ்டெல்லா குழம்பு வைத்து அதே சட்டியை நிரப்பினாள். ஸ்டெல்லாவோடு தங்கராஜ் வீட்டுக்குப் போய், அவர் திட்டம்தான் நன்றாக இருந்தது என்றும், அதைக் கவிழ்த்தது நாங்கள் தின்ற மீன்தான் என்றும் சொன்னேன்.

அவர் சட்டியின் மூடியைத் திறந்து குழம்பைப் பார்த்தார்.

"வேலைக்காகக் குடுக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றார். "பாதி அதுக்கு, பாதி பாசம்."

"அந்தப் பாசப் பாதிய மட்டுந்தான் நான் சாப்பிட்டேன்னு இவ்வளவு நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் மனைவியும் சேர நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிடித்ததை விலக்கி வைக்க உறுதி மட்டும் போதாது, வீட்டில் காலிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற துணிச்சலும் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

கிளம்பும்போது தங்கராஜ் சட்டியைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த டெண்டர் எப்ப வருதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க அண்ணாச்சி. அது முடியுறவரைக்கும் சாவிய உங்ககிட்டக் குடுத்துருதேன்."