நாற்பத்திரண்டு அடி வீடு

பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு காலத்தில் தம் மைத்துனருக்கு எட்டாயிரம் கடன் பட்டிருந்தார். பதினோரே மாதத்தில் அடைத்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன், தள்ளுவண்டியும் தராசுமாகத் தலையெடுத்து, முந்நூறு வருஷத் தெருவில் வீடே வாங்கினார். பரம்பரைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும், தெருவிலேயே உயரமான வீடு அவருடையதுதான்.

வினையும் அந்த உயரத்தில்தான் வந்தது. புராதன ஊர் என்று அரசாங்கம் பட்டியலில் சேர்த்திருந்த ஊர் அது. தெருவிலேயே உயரமான பழைய வீட்டைவிட உயரமாக யாரும் கட்டக்கூடாது என்பது சட்டம். போன மழையில் அளவெடுக்க வந்தவர் ஏணி ஏறத் தயங்கி, உயரம் எவ்வளவு என்று வாய்மொழியாகக் கேட்டார்.

"நாப்பத்திரண்டு அடி. எழுதிக்கோங்க தம்பி."

வீடு முப்பது அடிதான். மீதிப் பன்னிரண்டு, மொட்டைமாடியில் தம் கடை இரும்பால் அவரே நிறுத்திய சாரமும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும். அந்தக் கணக்கைக் காட்டி, பக்கத்து மனையை வாங்கியிருந்த கான்ட்ராக்டர் ஒருவர் நாலு மாடி விடுதிக்கு அனுமதி வாங்கிவிட்டார். கார் நிறுத்த இரும்புக்காரரின் கொல்லையைக் கேட்டு ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்திருந்தார். விடுதி எழும்பினால் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது.

ஊர்க்கூட்டத்தில் எதிர்வீட்டு வக்கீல் கேட்டார்: "என்ன முதலாளி, உங்க வீடு மழைக்கு வளருதோ?"

சபை சிரித்தது.

"உங்க தாத்தா கட்டின சுவத்துக்கு நீங்க ஒரு சட்டி சுண்ணாம்பு அடிச்சதுண்டா?" என்று சீறிவிட்டு இரும்புக்காரர் வீட்டுக்கு வந்தார்.

மனைவி விடவில்லை. "தொட்டியையும் சேர்த்துச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"குறைஞ்சுதான் போவேன். பன்னெண்டு அடி."

அன்றிரவு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டியல் போய்விட்டால் அவர் வாங்கியது வெறும் பழைய சுவர். பழைய சாமானுக்கு என்ன விலை என்று அவருக்கா தெரியாது?

மறுநாள் அளவை அலுவலகத்துக்குப் போனார். வக்கீலும் கான்ட்ராக்டரும் ஏற்கெனவே அங்கே வாக்குவாதத்தில் இருந்தார்கள். இரும்புக்காரர் மேஜை முன் நின்றார்.

"முப்பது அடிதான் சார். மிச்சம் என் வாய். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

வக்கீல் உதட்டோரம் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. உங்களுக்காக ஒண்ணும் செய்யல. என் வீடு இருக்கற தெரு அது."

கான்ட்ராக்டர் பல்லைக் கடித்தார். "காசை வாங்கிக்கிட்டுக் கழுத்தறுக்கறீங்களே பெரியவரே. இரும்புக்காரன் புத்தி."

"நீட்டுங்க கையை."

இடுப்புப் பையை அவிழ்த்து, எச்சில் தொட்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி ஒன்று, இரண்டு என்று ஒரு லட்சத்தையும் அந்த விரித்த கையில் எண்ணி வைத்தார்.