ஜம்புநாதனின் கடைவாய்ப் பல்

செகந்திராபாத்தில் ரயில் வந்து நின்றதும், நீளப் பிடி போட்ட சுத்தியலோடு ஜம்புநாதன் தண்டவாளத்தில் இறங்கிவிடுவார். சக்கரம் சக்கரமாகத் தட்டிக் காதைக் கொடுப்பார். நல்ல சக்கரம் கணீரென்னும். விரிசல் விழுந்தது டொக்கென்னும். ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து பதினாறு வருஷமாக இதுதான் வேலை.

1938 ஆனியில் அவருடைய கடைவாய்ப் பல் குடையத் தொடங்கியது. வலி காதுவரை ஏறி இரைந்தது. ஒருநாள் ஒரு சக்கரத்தை நாலுதரம் தட்டியும் அவருக்கு நிச்சயம் வரவில்லை. அந்த வண்டி ஊர் போய்ச் சேர்ந்த தந்தி வரும்வரை தவித்துப்போனார்.

"ஆஸ்பத்திரிக்கு வாண்ணே," என்றார் கூட வேலை பார்க்கும் அப்துல் ரஹீம்.

"நக்கோ பாய், வேணாம்!"

சின்ன வயதில் சந்தையில் ஒருவன் குறடு போட்டு இழுத்து, பாதிப் பல்லை உள்ளேயே விட்டுவிட்டான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"அப்போ நாளைக்கு வர்ற வண்டியில ஏறுறவங்க கதி?"

ஜம்புநாதன் செருப்பை மாட்டினார்.

பல் டாக்டர் தியோடர் வாயைப் பார்த்துவிட்டு, "எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?" என்றார்.

"எஞ்சின் சாம்பல்ங்க. பளிச்சுனு ஆவும்."

"ஆகும். நிலக்கரிச் சாம்பல் பல்லோட மேல்தோலையே உரிச்சிருக்கு. வாணலி தேய்க்கக் கொடுங்க அதை."

"ஹவ் டாக்டர் சாப், ஆமா, எங்க ஷெட்டு பூரா இதான்!" என்று கூட வந்திருந்த ரஹீம் சிரித்தார்.

டாக்டர் குறட்டை எடுக்கவில்லை. ஒரு கம்பியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். நாற்காலியை இறுக்கியிருந்த ஜம்புநாதனின் விரல்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பல்லுக்கு வந்ததும் சுருக்கென்றது, கையைத் தூக்கினார்.

"இதாங்க. சத்தமே மட்டம். கழட்டிடுங்க."

"நீங்களே சொல்லிட்டீங்க! முதல்ல மரத்துப்போக ஊசி. வலிச்சா இதே மாதிரி கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்."

இரண்டு தடவை தூக்கினார். இரண்டு தடவையும் டாக்டர் நிறுத்தினார். மூன்றாவது முறை பல் முழுசாக வந்துவிட்டது.

அப்புறம் உப்புத் தண்ணீர், வேப்பங்குச்சி, சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பு. புகையிலையை மட்டும் அடியோடு விட முடியவில்லை, பாதியாக்கினார்.

நாலாம் நாள் காஜிப்பேட்டை வண்டியின் கடைசிச் சக்கரம்வரை தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வலி போச்சாண்ணே?" என்றார் ரஹீம்.

"கொஞ்சம் இருக்குது பாய். ஆனா சத்தம் நல்லாக் கேக்குது. வண்டி போவலாம்."

கார்டு பச்சைக் கொடியை வீசினார்.