கயிற்றின் நடுவே இரண்டு அம்புக்குறிகள்

எண்பதுகளின் நடுவில், ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, நான் பிளஸ் ஒன் முதல் குரூப்பில் படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வின் இயற்பியல் தாளில் ஒரு படக் கேள்வி வந்தது. இரண்டு அணிகள் கயிறு இழுக்கின்றன, விசைகளின் திசையைக் குறி. நான் கயிற்றின் நடுவே இரண்டு அம்புக்குறிகள் போட்டேன். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். அளவுகோல் வைத்து ஒரே நீளத்தில் போட்டேன். 'விசையும் எதிர்விசையும் சமம். ஆகவே கயிறு நகராது' என்று கீழே எழுதினேன். அதன் பக்கத்தில் இயற்பியல் மிஸ் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'பிறகு எதற்குப் போட்டி வைக்கிறார்கள்?'

அந்தத் தாளில் நான் ஃபெயில். பூஜை விடுமுறை விடுவதற்கு முதல் நாள் மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"லீவு முடிஞ்சு வந்ததும் இதே படத்தைப் போர்டுல போட்டு விளக்கணும். முடியலன்னா காமர்ஸ் குரூப்புக்குப் போயிடு. இப்பவே போனா அங்க விட்ட பாடத்தைப் பிடிச்சிக்கலாம்."

தொழிற்சாலையில் அப்பா காட்டிய வரைபடப் பிரிவுதான் என் ஆசை. சாய்ந்த பலகையில் பென்சிலால் கோடு போட்டுச் சம்பளம் வாங்கும் வேலை. முதல் குரூப்பை விட்டுப் போனால் அந்தப் பலகைக்கு வழியில்லை. விடுமுறை முழுவதும் பாடத்தைப் படித்தேன். வரிகள் மனப்பாடம் ஆயின. ஆனால் இரண்டும் சமம் என்றால் ஒருவர் எப்படி ஜெயிக்கிறார் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டியும் உண்டு. எங்கள் பிளாக்குக்குத் தலைவி மேல் வீட்டு அக்கா, பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். நானும் இழுக்கிறேன் என்று போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி, காத்துல பறந்துடுவ போலக் கீற. நீ கயித்த இழுப்பியா, கயிறு உன்ன இழுக்குமா?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். என் சந்தேகமும் அதேதான்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மைதானத்தின் ஒரு பாதி காய்ந்துவிட்டது, மறுபாதி சேறு. முதல் ஆட்டத்தில் சேற்றுப் பக்கம் எங்களுக்கு. விசில் ஊதியதும் கயிறு என் உள்ளங்கையை உரசிக்கொண்டு எதிரணியை நோக்கி ஓடியது. இரண்டு குதிகாலாலும் மண்ணை உதைத்தேன். பலனில்லை, அப்படியே முன்னால் சறுக்கிப்போனேன். தோற்றோம்.

"கையால இழுக்காதீங்கடி, காலால நில்லுங்க!" என்று அக்கா கத்தினார்.

இரண்டாவது ஆட்டத்துக்குப் பக்கம் மாறினோம். காய்ந்த தரையில் கால் பதிந்தது. இப்போது எதிரணிதான் சறுக்கி வந்தது. ஜெயித்தோம். ஆள் மாறவில்லை, கயிறும் அதே கயிறு. மூன்றாவது ஆட்டத்துக்குக் காசு சுண்டினார்கள். சேறு மறுபடி எங்களுக்கே விழுந்தது.

"பூவா தலையா போட்டப்பவே மேட்ச் முடிஞ்சிபோச்சு, ஊட்டுக்குப் போலாம் வாங்க!" என்றார் அக்கா. இழுத்துப் பார்த்துவிட்டே தோற்றோம்.

எல்லோரும் போனபின் நான் காய்ந்த பக்கத்தில் எங்கள் காலடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு குதிகால் பள்ளத்திலும் மண் எதிரணியின் பக்கமாகக் குவிந்திருந்தது. அப்படியானால் காலில் விசை எதிரணியின் திசையில். கயிறு கையை இழுத்ததும் அதே திசை. இரண்டும் என்னை முன்னால் தள்ளினால் நான் பின்னால் போனது எப்படி? குழப்பம் இரண்டு மடங்கானது. வீட்டில் என்னை மட்டும் தனியாக வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். காலில் போட்ட அம்புக்குறியைப் பலமுறை திருப்பினேன்.

பள்ளி திறந்த அன்று மிஸ் சுண்ணக்கட்டியை நீட்டினார். போர்டில் ஒரு பெண்ணை மட்டும் வரைந்தேன். கையில் ஓர் அம்பு, எதிரணியை நோக்கி. காலில் ஓர் அம்பு. சற்று நின்று, அதைப் பின்பக்கமாகப் போட்டேன்.

"மத்தவங்க எங்க?"

"அவங்களுக்குத் தனிப் படம் மிஸ். இது இவ மேல படுற விசை மட்டும்."

"கால்ல ஏன் பின்னால போட்ட?"

"பூஜைக்குக் கயிறு இழுத்தப்ப மண்ணு முன்னால குவிஞ்சிருந்தது மிஸ். அது நான் மண்ணைத் தள்ளுனது. மண்ணு என்னைத் தள்ளுனது பின்னாலதான் இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

"இருக்கு மிஸ்," என்றேன். குரலில் உறுதி இல்லை.

"அப்ப நீங்க ஜெயிச்சீங்களா?"

"இல்ல மிஸ். சேறு."

வகுப்பு சிரித்தது. மிஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேறு அந்தக் கால் அம்பை என்ன பண்ணிச்சு?"

"கை அம்பை விடச் சின்னதாக்கிடுச்சு மிஸ்."

அவர் தலையசைத்து, டஸ்டரை எடுத்துக்கொண்டார். "போய் உக்காரு."

எந்த வகுப்பில் என்று தெரியாமல் நின்றேன். "எங்க மிஸ்?"

"உன் பெஞ்சுலதான். வேற எங்க?"

உட்கார்ந்தேன். நான் உதைத்த அளவுக்கே திருப்பி உதைக்க வேண்டும் என்று மண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். மிஸ் அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதத் தொடங்கியிருந்தார். நான் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.