வெள்ளைக்கார டாக்டரம்மாவின் வேண்டுதல்

என்னை அந்த ஜீப்பில் ஏற்றியது ஊழியம் செய்ய அல்ல. வலை போடுமுன் குளத்தில் தூவுவார்களே, அந்தப் பொரியாக. வெள்ளைக்காரர்களைக் கண்டதும் கிராமத்துப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்கின்றன, நம் நிறத்தில் ஒருத்தி முன்னால் நின்று பாடினால் கிட்டே வரும் என்பது அத்தையின் யோசனை. "பொரி கொஞ்சம் பெரிசா இருக்கே" என்றார் அப்பா, என்னைத் தூக்கி ஏற்றிவிட்டு மூச்சு வாங்கியபடி. பாலக்கரையில் அவருக்கு ரொட்டிக்கடை. பத்து வயதில் நான் அந்தக் கடையின் நடமாடும் விளம்பரம்.

அத்தை புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தக் கோடையில் அமெரிக்காவில் ஏதோ ஒரு சபையிலிருந்து நாலு பேர் கப்பலேறி வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு டாக்டரம்மா. தென்னை உயரம், வெயிலில் தக்காளி நிறம், எதைப் பார்த்தாலும் கண் கலங்குகிற சுபாவம். மழை பொய்த்த ஊர் ஒன்றில் ஒரு வருஷத்துக்குப் பால் நிலையம் வைப்பது அவர்கள் திட்டம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஊர்ப் பிள்ளைகளின் எடையைப் பட்டியலாக எழுதி அவர்கள் சபைக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் இல்லையென்றால் பால் வேறு எங்கோ போய்விடும். அத்தை சொல்லிச் சொல்லி, வையம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே நாள்.

பாட்டென்னவோ பலித்தது. ஊர்நடுப் புளியமரத்தடியில் நான் கையை ஆட்டி, காலை ஆட்டி, கடைசியில் தடுக்கி விழுந்தும் காட்டியதில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நெருங்கின. பின்னாலேயே தாய்மார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் ஆட்கள் புளியங்கிளையில் தராசைக் கட்டினார்கள். மூட்டையே நிறுக்கலாம், அவ்வளவு பெரிசு. கடிகாரம் போல வட்ட முகம், நடுவில் ஒரு முள், கீழே கித்தான் துணியில் ஊஞ்சல் மாதிரி ஓர் இருக்கை.

தாய்மார்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். அப்புறம் இன்னோர் அடி.

"பிள்ளைய நிறுக்கவா? ஆட்டுக்குட்டியா இது, கொக்கியில மாட்ட?"

"நிறுத்துப் பாத்த பிள்ளை தங்குமாங்க? நர்சம்மா, நீங்களே சொல்லுங்க."

 அத்தைக்கும் அது தெரிந்த சங்கதிதான். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைக் கொழுகொழு என்று சொல்லக்கூடாது என்கிற தேசத்தில், எத்தனை கொழுகொழு என்று முள் வைத்துக் காட்டினால் யார் கண்தான் படாது? போதாக்குறைக்கு டாக்டரம்மா ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அழகு, அழகு என்று தன் பாஷையில் வாயாரப் புகழ்ந்தாள். அத்தை அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையே இருக்கவில்லை. அந்தத் தாய் தூ தூ என்று துப்பி, பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நடையைக் கட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டியல் வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னோடு படித்த ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி, தம்பிக்காகச் சமயபுரம் கோயிலில் எடைக்கு எடை வெல்லம் கொடுத்த நாளன்று என்னையும் கூட்டிப் போயிருந்தாள். அங்கே தட்டில் உட்கார்ந்த பிள்ளையை யாரும் பயந்து பார்க்கவில்லை. வணங்கித்தான் பார்த்தார்கள். மிச்ச வெல்லத்தில் கொஞ்சம் என் வாய்க்கும் வந்தது. எங்களுடையது கிறிஸ்தவ வீடு, அங்கே நான் மூச்சே விடவில்லை.

தாய்மார்கள் பக்கம் போய்ச் சொன்னேன். "அது வேண்டுதல்ங்க. டாக்டரம்மா வரும்போது கடல்ல புயல் அடிச்சுது. உசிரோட கரை சேந்தா, கண்ணுல படுற பிள்ளைங்களுக்கெல்லாம் எடைக்கு எடை பால்மாவு தரேன்னு வேண்டிக்கிட்டாங்க."

"இன்னொரு தட்டு எங்க பாப்பா?" என்றாள் புகையிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி, சந்தேகமாக.

"அவங்க ஊர்ல ஒத்தத் தட்டுதான்."

அவ்வளவுதான். வேண்டுதலுக்குத் தடை சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனசு வரவில்லை. புளியமரத்தடியில் வரிசை முளைத்தது. என்ன நடந்தது என்று டாக்டரம்மா கேட்க, ஒன்றும் அறியாத அத்தை, ஜெபம் கேட்கப்பட்டது என்றாள். டாக்டரம்மா கண்களை மூடித் திறந்தாள். நனைந்திருந்தன.

பட்டியல் நிரம்பியது. கூடவே வினையும். எடைக்கு எடை என்று சொல்லிவிட்டேனே! ஒருத்தி மகனை ஒரு சொம்புத் தண்ணீர் மடக்கு மடக்கென்று குடிக்கவைத்துக் கூட்டிவந்தாள். இன்னொருத்தி மகனின் டவுசர் பையில் இரண்டு கூழாங்கற்கள். முள் காட்டுவதும் கண் காட்டுவதும் ஒத்துப்போகாமல் டாக்டரம்மா குழம்ப, அத்தை விசாரித்து, விஷயம் தெரிந்து, என் காதைப் பிடித்தாள். "ஏண்டி, ஊழியத்துக்கு வந்த இடத்துல கோயில் வேண்டுதலா?" காது எரிந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி விலகிப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. தலை மட்டும் பெரிசாக, மற்றதெல்லாம் துணி மாதிரி தொங்கியது. காலையிலிருந்து டாக்டரம்மா அந்தக் குழந்தையைத்தான் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் வழி மறித்தேன்.

"ஏன்க்கா போறீங்க?"

"இவன் எடைக்கு என்ன கெடைக்கும் பாப்பா? ஒரு கை மாவு கெடைக்குமா? அத்தனை பேரு முன்னாடி அந்த ஒரு கையை வாங்கிட்டுப் போகணுமா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.  என் பொய், யாருக்குப் பால் வேண்டுமோ அவளையே திருப்பி அனுப்புகிறது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வரிசை மொத்தமும் கலைந்துவிடும். ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை ஏற்றினேன். "கைக்குழந்தைன்னா அம்மாவும் சேந்து உக்காரலாங்க்கா. ரெண்டு பேர் எடையும் சேத்து."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அப்புறம் வரிசைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

குழந்தையோடு அவள் கித்தானில் உட்கார்ந்தபோது டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடம் பிடிக்கிற பிள்ளையை அப்படித்தான் நிறுப்பார்களாம், தாயோடு ஒரு முறை, தாயை மட்டும் ஒரு முறை. குழந்தையை அத்தை வாங்கிக்கொண்டாள். தாய் தனியாக உட்கார்ந்தாள். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. டாக்டரம்மா தராசைத் தட்டினாள். கொக்கியை அசைத்தாள். மறுபடி பார்த்தாள். தராசு பழுதோ என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஜம்மென்று ஏறினேன். முள் அவளுக்கு நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது.

தராசில் பழுதில்லை. டாக்டரம்மா மரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.  ஒரு பிள்ளை பெற்றவளை எடையில் ஜெயித்துவிட்டேன் என்று நான் மட்டும் ஊஞ்சலிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினேன். பிள்ளைகள் கை தட்டின.

அத்தை தாய்மார்கள் பக்கம் திரும்பினாள். "வேண்டுதல்ல ஒரு சட்டம் இருக்குங்க. முள்ளு எங்க கம்மியோ அங்கதான் மாவு ஜாஸ்தி." காதைப் பிடித்த அதே அத்தை!  "அடப் பாவி, ஒரு சொம்பையும் குடிச்சுத் தொலைச்சியேடா" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தப் பையன் அதற்குள் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தான். சிரிப்பில் மரமே குலுங்கியது.

தாயும் குழந்தையும் எங்களோடு ஜீப்பில் புத்தூருக்கு வந்தார்கள். பட்டியல் கடல் தாண்டிப் போனது, பால் கடல் தாண்டி வந்தது. ஒரு வருஷம் என்று தொடங்கியது இன்னும் சில வருஷம் நீண்டது.

இரண்டு மாதம் கழித்து அத்தை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்தத் தாயும் குழந்தையும் ஊருக்குத் திரும்புகிற நாள். குழந்தை தரையில் தவழ்ந்து என் கொலுசைப் பிடித்து இழுத்தது. எடை பார்க்கிற மேடையில் முதலில் நான் ஏறினேன், என் பட்டத்தைக் காட்டிக்கொள்ள. அடுத்து அவள் ஏறினாள். அவள் எடை என்னைத் தாண்டிவிட்டது. கொஞ்சம்தான். தாண்டிவிட்டது.

"தோத்துட்டியே பாப்பா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் அத்தையல்லவா, நான் தோற்றதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லத்தே, அடுத்த தடவை ஜெயிச்சிடறேன்" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.