நிமிடத்துக்கு இருபத்தெட்டு

எங்கள் பூனைக்குப் பெயர் கிடையாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பூனை. ஒன்றுக்கு எதற்குப் பெயர்? பதினோரு வருடங்கள் எங்களோடு இருந்தது. சாம்பல் நிறம், வாலில் ஏழு வளையம், இடது காதில் ஒரு கிழிசல். என் மனைவி சோற்றுத் தட்டை ஒரு தடவை தட்டினால் வந்துவிடும். நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராது. ஆனால் மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் என் மடிதான் வேண்டும்.

நான் கொல்லிமலைக்கு வேலைக்காக வந்தவன். பண்ணை ஒன்றில் மழை அளக்கும் வேலை. முப்பத்தொரு வருடங்கள், காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வுக்குப் பிறகும் ஆலத்தூர் நாடு என்ற மலை ஊரிலேயே தங்கிவிட்டோம். மனைவிக்குப் பிறந்த ஊர் முள்ளுக்குறிச்சி. அடிவாரத்துக்காரிக்கு இந்தக் குளிர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லாமல் அவள் ஒரு மார்கழியைக் கூடக் கழித்ததில்லை.

வேலை போனாலும் எண்ணும் பழக்கம் போகவில்லை. கொல்லைப் படிகள் பதினான்கு. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி அறுபத்தெட்டு. பஸ்ஸில் எத்தனை பேர் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரன் ஒரு பேச்சில் எத்தனை முறை "அது வந்து" என்கிறான், எல்லாம் தானாக மனதில் ஏறிவிடும். ஆகவே ஒரு மத்தியானம் மடியில் படுத்திருந்த பூனையின் விலா வேகமாக ஏறி இறங்குவதைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. மறுநாள் ஐம்பத்து நான்கு. மூன்றாம் நாள் ஐம்பத்தொன்று. தேதி போட்டு ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு வாரத்தில் ஏழு எண்கள் சேர்ந்தன.

எட்டாம் நாள் மாட்டு டாக்டருக்கு போன் செய்தேன். மலைமேல் அவர் ஒருவர்தான். மாடும் ஆடும் பார்ப்பார், கேட்டால் நாய் பூனைக்கும் மருந்து சொல்வார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்றேன். தாள் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் எங்கள் மாடு தீனி எடுக்காமல் இருந்தபோது இதே டாக்டரிடம், எத்தனை மணிக்கு எத்தனை வாய் தின்றது, எத்தனை முறை சாணி போட்டது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "சார், கணக்கு வாத்தியாருகிட்ட மாட்டுன மாதிரி இருக்கு. மாட்டுக்கு என்னன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க." பக்கத்தில் நின்ற என் மனைவி அவரைவிட அதிகமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது. இந்த முறை எல்லோரையும் போல ஒரே வார்த்தையில் சொன்னேன்.

"பூனை எளைக்குதுங்க டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமாங்க."

"சாப்பாடு?"

"கொறைச்சுத்தாங்க திங்குது."

"வயித்துல பூச்சி இருக்கும் சார். மாத்திரை சொல்றேன், வாங்கிக் குடுங்க. ஒரு டானிக்கும் எழுதிக்கங்க. நல்லா சத்தா போடுங்க. முட்டை, மீனு. தேறிரும்."

எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கினால் 'எளைக்குது' என்போம். ஆஸ்துமாவுக்குப் பெயரே எளைப்புதான். டாக்டர் தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் இளைப்பது உடம்பு மட்டும். நான் மூச்சைச் சொன்னேன், அவர் சதையைக் கேட்டுக்கொண்டார். இரண்டு பேரும் நல்ல தமிழில்தான் பேசினோம். தொட்டி மூடியிலிருந்து இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பேச்சு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டதே என்று.

பூச்சி மாத்திரை கொடுத்தோம். டானிக் கொடுத்தோம். மலைமேல் நல்ல மீன் தினமும் கிடைக்காது. சந்தையில் கருவாடு கிடைக்கும். என் மனைவி கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தாள். பூனை அதை மட்டும் ஆசையாகத் தின்றது. "பாத்தீங்களா, வாய் ருசி வந்துருச்சு" என்றாள். இருபத்து நான்கு நாட்கள் அந்த உப்பைத் தின்றது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. எழுதிப் பையில் வைத்தேன். மருந்து வேலை செய்ய நாள் ஆகும் என்று நினைத்தேன். படித்தவன் செய்த காரியம் இது.

இருபத்தைந்தாம் நாள் காலையில் பூனை வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. நாக்கு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. மூடி போட்ட கூடை ஒன்றில் பழைய வேட்டியை விரித்து உட்கார வைத்து, இருவரும் பஸ் ஏறினோம்.

"ஏனுங்க, கூடையில கோழியா?" என்றார் கண்டக்டர்.

"பூனைங்க" என்றாள் என் மனைவி.

"அடேங்கப்பா. பூனை குறுக்க போனாலே வண்டிய ஓரங்கட்டுற ஊரு இது. நீங்க உள்ளாறயே கொண்டாந்துட்டீங்க."

"அது குறுக்க போற நெலமையில இல்லீங்க" என்று அவள் சொன்னதும் அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வளைவுகளில் வண்டி கொஞ்சம் மெதுவாகத் திரும்பியது. எழுபது வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் எழுதிய பலகை உண்டு, ஆகவே எனக்கு அங்கே எண்ண வேலையில்லை. பூனையின் மூச்சை எண்ண முயன்றேன். வண்டியின் ஆட்டத்தில் எது மூச்சு எது குலுக்கல் என்று தெரியவில்லை. நாற்பதாவது வளைவுக்கு அருகில் அது ஒரு சத்தம் போட்டது. பூனை போடும் சத்தம் இல்லை அது. என் மனைவி கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

கீழே டவுனில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா, மகள் வயதுகூட இல்லை, பேத்தி வயது. குழாய் வைத்துக் கேட்டு, எக்ஸ்ரே எடுத்து, "நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு சார்" என்றார். இருதயச் சதை தடித்துவிட்டதாம். அது சரியாக இறைக்காததால் நுரையீரலைச் சுற்றித் தண்ணீர். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார். "எவ்வளவுங்க?" என்று கேட்டேன். நூற்று நாற்பது மில்லி. என் மானியில் அது ஏழு மில்லிமீட்டர் மழை. ஒரு சுமாரான மழை அந்தச் சின்ன நெஞ்சுக்குள் பெய்திருக்கிறது.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"டாக்டருக்கு போன் பண்ணிச் சொன்னேங்க. எளைக்குதுன்னு."

"ஒடம்பு எளைக்குதுன்னா?"

"மூச்சுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்கும் இந்தப் பக்கம்தான் போலிருக்கிறது, உடனே புரிந்துவிட்டது. "நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிச் சொல்லியிருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும் சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழே படித்தார். முப்பத்தொரு எண்கள். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னாலும் ஏதாவது இருக்கிறதா என்பது போல.

"இத்தனையும் எண்ணி வச்சுட்டு யாருகிட்டயும் சொல்லலையா?"

என் மனைவி சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு சமயமாக இருந்தால் அவள் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பாள். சொல்லாதது எனக்கு அதைவிட மோசமாக இருந்தது.

உப்பு தண்ணீரைக் கூட்டும் என்று கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள். நீர் இறங்க மாத்திரை, கால் கால் துண்டாக, காலையும் மாலையும். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: பூனை தூங்கும்போது தினமும் மூச்சை எண்ணி எழுத வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. நாற்பதைத் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும், மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கும். "முழுசா குணமாகாது சார். இருக்கற வரைக்கும் பாத்துக்கலாம்." எத்தனை நாள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் எண் கிடையாது என்றார்.

"இந்த மனுசனுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு" என்றாள் மனைவி, மலையேறும் பஸ்ஸில். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம்.

அறுபத்து மூன்று நாட்கள் நன்றாகப் போயின. இருபத்து நான்கு, இருபத்தேழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று, இருபத்தைந்து. மழைப் பதிவேடு போலவே கோடு போட்ட நோட்டு. நான் குளிக்கப் போன ஒரு நாள் அவள் எண்ணிப் பார்த்து, கதவைத் தட்டி, "ஏனுங்க, அம்பத்தாறுங்க" என்று அலறினாள். ஈரத்துண்டோடு ஓடிவந்தேன். ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணியிருக்கிறாள்.

"ரெண்டும் சேந்துதான் ஒரு மூச்சு."

"மேல போறதும் வேலை, கீழ வாறதும் வேலை. அதென்ன ஒண்ணுக்குத்தான் கணக்கு, ஒண்ணு சும்மாவா?"

அன்றைக்கு அவளுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தேன். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது; ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, அடியில் இருக்கும் எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பண்ணையில் அதுதான் விதி. "பெரிய கவர்மெண்டு" என்றாள்.

அதன் பிறகு எனக்குக் கண்புரை ஆபரேஷன். வலது கண்ணில் கட்டு, அவிழ்த்த பிறகும் பார்வை தெளிய நாளானது. இடது கண் முன்பே புகை மூட்டம். சாம்பல் பூனையின் விலா ஏறி இறங்குவது எனக்குத் தெரியவில்லை. அவள் எண்ணினாள், எழுதினாள், எனக்குச் சத்தமாகச் சொன்னாள். இருபத்தெட்டு. மறுநாள் இருபத்தெட்டு. இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தெட்டு.

உண்மையான அளவு இப்படி நிற்காது. குதிக்கும். பண்ணையில் எனக்கு லீவு நாட்களில் மாற்றாக வந்த ஒருவர் படுக்கையிலிருந்தே மழை எழுதுவார். அவர் எண்களைப் பார்த்த கணத்திலேயே சொல்லிவிடுவேன். ஐந்தாம் நாளே இங்கேயும் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. பூனை என் மடியில்தான் படுத்திருந்தது. எண்ணக் கண் எதற்கு? கையை வைத்தாலே போதும். ஒரு நாள் வைத்தேன். பதினொன்று வரை எண்ணியதும், பத்து வினாடிகூட ஆகியிருக்காது என்று தோன்றியதும், கையை எடுத்துவிட்டேன்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டுங்க" என்றாள்.

"எழுதிக்கோ" என்றேன்.

பதினேழாம் நாள் மத்தியானம் பூனை மடியிலிருந்து இறங்கி, அடுப்படிச் சுவரோரம் போய்ப் படுத்தது. அவள் தட்டைத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். பிறகு தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

மிளகுக்கொடிக்குக் கீழே புதைத்துவிட்டு வந்து அவள்தான் முதலில் பேசினாள். "அந்த நாப்பதாவது வளைவுல அது போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்குங்க. மறுக்காவும் அந்த ரோட்டுல என்னால கொண்டு போக முடியாதுங்க. உங்ககிட்ட நெசத்தச் சொன்னா கூடையத் தூக்கிருவீங்க."

தூக்கியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் சில வாரங்கள் கிடைத்திருக்கலாம். வளைவிலேயே போயிருக்கலாம். எனக்குத் தெரியும் என்பதை அவளிடம் நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவள் பொய் சொன்னவளாகவும் நான் ஏமாந்தவனாகவும் இந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கு அது வசதியாக இருக்கிறது. அதுதான் கசக்கிறது.

கண் தெளிந்த பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினேழு வரிகள் அவள் கையெழுத்தில். பதினாறில் இருபத்தெட்டும் இருபத்தேழும்தான். கடைசி வரியில் மட்டும் 64 என்று எழுதி, அதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 28 என்று எழுதியிருந்தாள். அடியில் இருந்த எண் தெளிவாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட மறந்திருந்தாள்.

பேனாவை எடுத்து, அந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.