மூன்று படி

கைப்பேசியில் மணி அடித்ததும் கொத்தனார் திருப்புளியைக் கீழே வைக்கிறார். சக்கர நாற்காலியின் கைப்பிடிகளில் கை ஊன்றி உடம்பைத் தூக்கி, முப்பது எண்ணும்வரை அந்தரத்தில் நிற்கிறார். கால்மணிக்கு ஒருமுறை இந்த வேலை. தவறினால் உணர்ச்சி செத்த உடம்பில் புண் வரும். வந்தால் மூன்று மாதம் குப்புறப் படுக்கை. "மூணு மாடிச் சாரத்துல திரிஞ்சவன். இப்ப அரையடி ஏற மணி அடிக்குது," என்பார்.

அந்தச் சாரம் சரிந்துதான் முதுகுத்தண்டு போனது. நான்கு வருடமாயிற்று. மறுவாழ்வு மையத்தில் செல்போன் பழுதுபார்க்கக் கற்றார். சாந்து பூசும் கரணை பிடித்த விரலுக்குக் கடுகளவு திருகாணி லேசில் மசியவில்லை. கடைசியில் வகுப்பிலேயே அவர்தான் கெட்டிக்காரர். பழைய புத்தி மட்டும் போகவில்லை. எந்த அறைக்குள் போனாலும் சுவரை விரல்முட்டியால் தட்டிக் காதைச் சாய்ப்பார். "உள்ள பொக்கு, வெறும் காத்து. பூசினவன் மாமியார் வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல பூசியிருக்கான்." இயக்குநர் அறையிலும் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு கடைக்காரர் சோதனைக்கு அனுப்பிய மூன்று போனுக்கும் உயிர் கொடுத்தார். வேலை உறுதி என்றார்கள். மையத்தின் பதிவேட்டிலும் 'பணியமர்ந்தார்' என்று ஏற்றிவிட்டார்கள். கடை இருக்கும் இடத்தைச் சொன்னதும் கொத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"போய்த்தான் பாப்போமே," என்று மனைவி தள்ளிக்கொண்டு போனாள். கடை வாசலில் மூன்று படி.

"ஒரு சரிவு போட்டுக் குடுத்தீங்கன்னா அவரே ஏறிடுவாருங்க," என்றாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். உண்மையாகவே சங்கடப்பட்டார். "கட்டும்போதே நான் சரிவுதாம்மா கேட்டேன், சாமான் வண்டி ஏத்த. கொத்தனாருதான் இடம் வீணாகும், மூணு படி போட்டாத்தான் கடை எடுப்பா இருக்கும்னுட்டாரு. இப்ப உடைக்க கட்டடத்துக்காரர் விடமாட்டாரு."

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து நின்று அதைச் சொன்ன கொத்தனார் இவர்தான். கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டக்கூட இவருக்கு ஆளில்லை. மனைவிக்கும் எல்லாம் தெரியும்.

"வேற இடம் இருந்தா நானே சொல்றேண்ணே," என்று கடைக்காரர் உள்ளே போனார்.

மணி அடித்தது. கொத்தனார் உடம்பைத் தூக்கவில்லை. குனிந்து முதல் படியை விரல்முட்டியால் தட்டி, காதைச் சாய்த்தார்.